செம்முடிக் குருவும் பியெத்தா இல்லத்துப் பல்லியமும்

கடல்நீரே வீதிகளாய் ஓடும் வெனிஸ் மாநகரில், பியெத்தா ஆலயத்தின் பக்கச் சுவரிலே கல்லிற் பொறித்த கட்டளை ஒன்று இன்றும் காணப்படும். 1548-ஆம் ஆண்டில் மூன்றாம் பவுல் என்னும் பாப்பரசர் விடுத்த ஆணையைக் கூறுவது அது. தம் மக்களை வளர்க்கும் வகை இருந்தும் அவர்களை அவ்வில்லத்தில் விட்டுச் செல்லும் பெற்றோர் சாபத்திற்கும் திருச்சபை விலக்கிற்கும் உள்ளாவர் என்பது அதன் பொருள். இத்துணைக் கடுமொழியைக் கல்லில் வெட்ட நேர்ந்தது எற்றுக்கு என்று சிந்திப்பார்க்கு, அவ்வில்லத்தின் வாயிலில் எத்துணைக் குழவிகள் விடப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒருவாறு விளங்கும். அவ்வில்லத்தில் 1703 முதல் 1740 வரை, விட்டும் தொட்டும் 37 ஆண்டுக் காலம் தொடர்பு கொண்டிருந்த இசைவல்லார் ஒருவரது வரலாற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தாம் அந்தோனியோ விவால்டி. ‘நான்கு பருவங்கள்’ என்னும் இசையாக்கத்தால் உலகம் அவரை நன்கு அறியும். யாமோ அவரைப் பெற்றோரறியாச் சிறுமியரின் பல்லியத்திற்கு ஆசானாய் நின்றவராகக் காட்ட விழைகின்றோம். பல கருவிகள் கூடியொலிப்பதைப் பல்லியம் என்பது நம் பழைய வழக்கு. மேனாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்பதற்கு அச்சொல்லையே இக்கட்டுரையில் ஆளுகின்றோம்.

விவால்டி 1678-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள் வெனிஸ் நகரிற் பிறந்தார். பிறந்தபொழுதே குழவியின் உயிர்க்கு இடர் நேருமோ என அஞ்சிய மருத்துவச்சி தானே வீட்டில் ஞானஸ்நானம் அளித்தாள். எஞ்சிய சடங்குகள் இரண்டு திங்கள் கழித்து, மே 6-ஆம் நாளிலேதான் ஆலயத்தில் நிறைவேறின. தந்தையார் ஜியோவன்னி பத்திஸ்தா என்பவர் முன்னர் நாவிதத் தொழில் புரிந்தவர். பின்னர்ப் பிடில் வாசிப்பில் தேர்ந்து, 1685-இல் புனித மாற்கு பேராலயத்து வாத்தியக்காரருள் ஒருவராயினார். மகனுக்கு முதலிற் பிடில் பயிற்றியவரும் அவரே என்பர். அக்குடும்பத்தில் தலைமயிர் செந்நிறமாயிருந்தது. அந்நிறமே மகனுக்கும் வாய்த்தமையால், அவர் குருவானபின் ஊரார் அவரைச் செம்முடிக் குரு என்றே வழங்குவாராயினர்.

15-ஆம் வயதிற் குருத்துவப் பயிற்சி தொடங்கிய அவர், 1703 மார்ச்சு 23-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். ஆயின் சில ஆண்டுகளுக்குள்ளேயே பூசை நிறைவேற்றுவதை அறவே விட்டொழித்தார். பிறவி தொட்டுத் தம்மைப் பற்றிய நெஞ்சிறுக்கமே அதற்குக் காரணம் எனவும், அந்நோயினால் பூசையை முடிக்கமாட்டாது மும்முறை பீடத்தை விட்டு அகல நேர்ந்தது எனவும் அவர் தம் முதுமையில் எழுதிய கடிதமொன்றிற் குறித்துளர். பூசை நடுவே இசையெண்ணம் ஒன்று தோன்ற, அதனைக் குறித்துக்கொள்ள அவர் உள்ளறைக்கு ஓடினார் என்று ஒரு கதையும் உண்டு. அஃது அவர் இறந்து நெடுங்காலத்திற்குப்பின் எழுந்ததாகலின் யாம் அதனைக் கொள்கின்றிலோம். எனினும், பீடத்தின் முன் நிற்கவொட்டாத நோய், நாடக அரங்குகளை நடத்துதற்கும் ஊரூராய்ச் செல்லுதற்கும் தடையாகாமை எவ்வாறு என்னும் ஐயம் அவர் காலத்தாருக்கே இருந்தது. எமக்கும் அஃது உண்டு. அவர் நோயாளர் என்பதில் ஐயமில்லை. அந்நோய் அவருக்கு ஓரளவு துணையாகவும் நின்றது போலும்.

இனிப் பியெத்தா இல்லத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1346-இல் பிரான்சிஸ்கு சபைத் துறவி ஒருவரால் தொடங்கப்பெற்ற அது, வெனிஸ் நகரத்து நான்கு அறநிலையங்களுள் ஒன்று. விடப்பட்ட குழவிகளுக்கென்றே அமைந்தது. சுவரில் ஒரு மாடம் இருந்தது. இரவில் வரும் தாய் குழவியை அதில் வைத்துவிட்டு, முகங்காட்டாது மறைந்துவிடலாம். பின்னொரு நாள் வந்து மீட்கும் நம்பிக்கையுடையோர், இரண்டாக வெட்டிய நாணயத்திலோ படத்திலோ ஒரு பாதியைக் குழவியுடன் வைத்து, மறு பாதியைத் தாம் கொண்டு செல்வர். மீட்க வந்தோர் மிகச் சிலரே. ஆண்மக்கள் தொழில் பயின்று இளமையிலேயே வெளியேறுவர். பெண்மக்கள் மணமோ துறவறமோ வாய்த்தாலன்றி அங்கேயே வாழ்வர். அவருட் பெரும்பாலோர் தையலும் நெசவும் முதலிய வேலைகளைச் செய்தனர். இசைத்திறன் கண்டறியப்பெற்ற சிலர் மட்டும் பாடகர் குழுவின் புதல்வியர் என்னும் பெயரோடு பிரிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர்.

அவர்களுக்குக் குடிப்பெயர் இல்லை. அன்ன மரியா என்பாள் பிடில் அன்ன மரியா எனவும், பெலெகிரீனா என்பாள் ஓபோ பெலெகிரீனா எனவும் வழங்கப்பட்டனர். தந்தை பெயர் நிற்கவேண்டிய இடத்தில் அவர்கள் கையிலிருந்த கருவியின் பெயர் நின்றது.

1703 செப்டம்பர்த் திங்களில், குருப்பட்டம் பெற்று ஆறு திங்களே ஆகியிருந்த விவால்டியார், ஆண்டுக்கு 60 டக்கட் நாணயம் ஊதியமாக, இவ்வில்லத்துப் பிடில் ஆசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு 25 வயது. அன்ன மரியாவுக்கோ ஏழு வயது இருக்கலாம். அடுத்த ஆண்டில் வேறொரு நரம்புக்கருவியையும் கற்பிக்கத் தொடங்கியமையால் ஊதியம் 100 டக்கட் ஆயிற்று. கற்பித்தல், கருவிகளும் நரம்புகளும் வாங்கிச் செப்பனிடல், புதிய இசை இயற்றித் தருதல், ஒத்திகை நடத்துதல் ஆகியன அவர் கடமைகளாய் இருந்தன.

இக்காலத்துப் பல்லியத் தலைவர் போலக் கையிற் கோலேந்தி மேடைமேல் நின்று ஆட்டும் வழக்கம் அந்நாளில் இல்லை. முதற்பிடில் வாசிப்பவர் தம் வில்லினாலும் தலையசைப்பினாலும் ஏனையோரை நடத்துவர். இன்றேல் ஒருவர் தாளங் காட்டுவர். பியெத்தாவிலோ இன்னும் ஒரு புதுமை உண்டு. 1739-இல் வெனிஸ் நகருக்கு வந்த தெ புரோஸ் என்னும் பிரெஞ்சுக் கனவான் தம் கடிதங்களில் இச்சிறுமியர் பல்லியங்களை வியந்து எழுதியுள்ளார். பிடில், குழல், ஓபோ, செல்லோ, பஸூன், ஆர்கன் ஆகிய எக்கருவிக்கும் அவர்கள் அஞ்சுவதில்லை எனவும், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் 40 பெண்கள் வரை கலந்துகொள்வர் எனவும், வெள்ளாடை உடுத்துக் காதருகே மாதுளம்பூச் சூடிய இளம்பெண்ணொருத்தியே தாளங்காட்டிப் பல்லியத்தை நடத்துவாள் எனவும் அவர் கூறுகின்றார். நான்கு இல்லங்களுள்ளும் கருவியிசையிற் பியெத்தாவே தலைசிறந்தது என்பது அவர் முடிபு.

அவையிலிருந்து கேட்போர் அப்பெண்களை முழுதுங் காணுதல் அரிது. ஆலயத்தின் மேன்மாடத்தில், இரும்புக் கம்பிப் பின்னலின் அப்பால் அவர்கள் இருந்து இசைப்பர். ஆலயத்திற் கைதட்டல் தகாது என்பதனால், மகிழ்ந்தோர் இருமியும் காலைத் தேய்த்தும் நாற்காலியை நகர்த்தியும் தம் பாராட்டைப் புலப்படுத்துவர். கேட்க வந்த செல்வர் கொடுத்த பொருள் இல்லத்துக் குழவிகளின் பாலுக்கும் உடைக்கும் உதவியது. அறமும் வாணிகமும் அக்கம்பிப் பின்னலின் இருபுறத்தும் ஒருங்கே நின்றன என்றால் மிகையாகாது. வெளியே மணஞ்செய்து சென்றவள் பொதுமக்கள் முன் இசைத்தலாகாது என்பதும் அவ்வில்லங்களின் வழக்கு. அத்துணைத் திறனும் அவ்வாயிலோடு நின்றுவிடும். இதனை எண்ணுந்தோறும் எமக்கு வருத்தமே மிகுகின்றது. எனினும் அந்நாளில் ஐரோப்பாவில் ஏழைப் பெண்ணொருத்தி பஸூனும் செல்லோவும் முறையாகக் கற்பதற்கு வேறிடம் இருந்ததோ எனின், இருந்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியரது பதவி நிலையானதன்று. இல்லத்தின் ஆட்சிக் குழுவினர் ஆண்டுதோறும் கூடி, ஒவ்வோர் ஆசிரியரையும் வைத்துக்கொள்வதா விடுப்பதா என வாக்கிடுவர். 1709-ஆம் ஆண்டில் விவால்டியாரைக் குறித்து வாக்கெடுத்தபோது, அவருக்கு எதிராக ஏழும் சார்பாக ஆறும் விழுந்தன. ஒரே வாக்கினால் அவர் வேலை இழந்தார். அவர்மேற் குற்றஞ் சாட்டியதாக ஒன்றும் காணப்படவில்லை. அவரிடம் கற்ற மூத்த பெண்கள் இளையோர்க்குக் கற்பிக்க வல்லராயினமையின், வெளியாசிரியருக்கு ஊதியம் கொடுப்பது வீண் செலவெனக் குழுவினர் கருதினர் போலும் என்று ஆராய்ச்சியாளர் ஊகிக்கின்றனர். அவ்வூகம் உண்மையாயின், தம் பணியைச் செவ்வனே செய்தமையாலேயே அவர் வெளியேற்றப்பட்டார் என்று ஆகின்றது. பல்லியத்தை நடத்தக் கற்றுக்கொடுத்தவர், அது தாமின்றியும் நடப்பதைப் புறத்தேயிருந்து காண நேர்ந்தது. எந்த ஆசானுக்கும் இது பெருமையேயாயினும், அப்பெருமை வயிற்றை நிரப்பாது.

இரண்டாண்டு கழித்து, 1711 செப்டம்பரில், அதே குழுவினர் ஒருமனதாய் அவரைத் திரும்ப அழைத்தனர். அவ்வாண்டிலேயே அவருடைய 12 கொன்சேர்த்தோக்கள் அடங்கிய மூன்றாம் தொகுதி ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாகி வெளிவந்தது. கொன்சேர்த்தோவாவது, ஒரு கருவியோ சில கருவிகளோ முன்னின்று பேச, ஏனைய கருவிகள் ஒருங்கு கூடி விடையிறுப்பது போன்ற இசையமைப்பு. அத்தொகுதி ஐரோப்பா எங்கும் பரவியது. ஜெர்மனியில் இளைஞராயிருந்த செபாஸ்தியன் பாஃக் அதிலிருந்து பலவற்றை ஆர்கனுக்கும் பிறவற்றிற்கும் மாற்றியெழுதிப் பயின்றார். பியெத்தாவில் பல்வேறு திறமும் பல்வேறு கருவியும் உடைய மாணவியர் இருந்தமையாலன்றோ, ஏறத்தாழ 500 கொன்சேர்த்தோக்களை, யாரும் எண்ணிப்பாராத கருவிகளுக்கெல்லாம் அவர் இயற்ற இயன்றது? பஸூனுக்கு மட்டும் 37 உள்ளன. அத்தனையும் பியெத்தாவுக்கென்றே எழுந்தன என்று கூறுதற்கில்லை. ஆயினும் நாளும் கேட்டுத் திருத்தத்தக்க ஒரு பல்லியம் அண்மையில் இருந்தமையே அவருக்கு வாய்த்த பெருஞ் செல்வம் என்பது எம் துணிபு.

1713-இல் தலைமை இசையாசிரியரான கஸ்பரீனி விடுப்புப் பெற்றுச் சென்றவர் திரும்பவில்லை. அவர் செய்துவந்த திருவழிபாட்டு இசைப்பணி விவால்டியார் தோளில் விழுந்தது. இக்காலத்தில் அவர் இயற்றிய ‘கிளோரியா’ என்னும் மகிமைப்பாட்டு இன்று உலகெங்கும் கிறிஸ்தவப் பாடகர் குழுக்களாற் பாடப்படுகின்றது. அதில் ஆண்குரலுக்குரிய தெனர், பாஸ் என்னும் பகுதிகளும் எழுதப்பட்டுள்ளன. பெண்களே நிறைந்த ஆலயமாடத்தில் அவற்றைப் பாடியவர் யாவர்? தெனர் எனவும் பாஸ் எனவும் அடையடுத்த பெண் பெயர்கள் இல்லத்து ஏடுகளிலேயே காணப்படுகின்றன. தாழ்ந்த குரல் வாய்ந்த பெண்கள் அவற்றையும் பாடினர் என்றே கொள்ளல் வேண்டும்.

1716-இல் துருக்கியர் கோர்பூத் தீவை முற்றுகையிட்டு வெனிஸ் படையால் முறியடிக்கப்பட்டனர். அவ்வாண்டில் அவர் ‘ஜயங்கொண்ட யூதித்து’ என்னும் லத்தீன் இசைநாடகத்தை அமைத்தளித்தார். எம் சபையார் தள்ளுபடியாகமம் என ஒதுக்கும் நூலில் வரும் கதை அது. பகைவர் சேனாபதியாகிய ஒலோபெர்னெஸ் முதல் அவன் பணியாளன் வரை, ஆண் பாத்திரங்கள் அனைத்தையும் அப்பெண்களே பாடினர். வாள்கொண்டு சேனாபதியின் தலையைத் துணித்த கைம்பெண்ணின் கதையை, நகரமே போர் அச்சத்தில் இருந்த நாளில், பெற்றோரறியாப் பெண்கள் கம்பிப் பின்னலின் அப்பாலிருந்து பாடியதனைக் கேட்டார்க்கு எவ்வாறு இருந்திருக்கும்! அவ்வாண்டே அவர்க்குக் கொன்சேர்த்தோ ஆசான் என்னும் உயர்பதவி கிடைத்தது.

நிற்க. இவ்வளவில் அவர் உள்ளம் வேறிடத்திற் சென்றுவிட்டது. 1713-இல் விசென்சா நகரில் தம் முதல் நாடகத்தை அரங்கேற்றியது முதல் நாடகமேடையின் ஆசை அவரை விடவில்லை. இயற்றுவது மட்டுமன்றி, அரங்கை வாடகைக்கெடுத்து, பாடுவோரை ஒப்பந்தஞ்செய்து, வரவு செலவையும் தாமே பார்த்தார். 1718 முதல் சில ஆண்டுகள் மாந்துவா நகரில் ஆளுநரின் இசைத்தலைவராக இருந்தார். ‘நான்கு பருவங்கள்’ அச்சேறியது 1725-இல். இவற்றை யாம் விரித்துரைக்கப் புகவில்லை. பிறர் பலர் உரைத்துளர்.

அவர் வெளியூர்களிற் சுற்றிய காலத்தும் பியெத்தா அவரை விட்டதில்லை. 1723-இல் ஆட்சிக் குழுவினர் புதியதோர் ஒப்பந்தம் செய்தனர். திங்கள்தோறும் இரண்டு கொன்சேர்த்தோக்கள் அனுப்புதல் வேண்டும். ஒன்றுக்கு ஒரு செக்வின் பொன் விலை. வெனிஸ் நகரில் இருக்கும்போது ஒவ்வொன்றிற்கும் மூன்று நான்கு முறை நேரில் ஒத்திகை நடத்துதல் வேண்டும். இவ்வாறு 1733 வரை 140-க்கு மேற்பட்ட கொன்சேர்த்தோக்களுக்கு இல்லத்தார் பணம் கொடுத்துள்ளனர். ஒத்திகையையும் ஒப்பந்தத்தில் எழுதியது கருதத்தக்கது. ஏட்டில் இருப்பது மட்டும் போதாது, அவர் கண்முன் இசைத்துத் திருத்தம் பெறவேண்டும் என அவர்கள் அறிந்திருந்தனர்.

மாந்துவாவிலிருந்து வந்த அன்ன ஜிரோ என்னும் பாடகி அவர் நாடகங்களில் தலைமைப் பாத்திரமேற்றாள். அவளும் அவளுடைய தமக்கையும் குருவானவரோடு பயணஞ்செய்தல் கண்டு ஊர் அலர் தூற்றியது. 1737-இல், பெராரா நகரில் அவர் பெரும்பொருள் செலவிட்டு நாடகம் நடத்த முனைந்தபோது, அந்நகரத்து அதிமேற்றிராணியாராகிய கர்தினால் ரூபோ அவரை நகருக்குள் வரலாகாது எனத் தடுத்தார். பூசை செய்யாத குரு என்பதும், பாடகியோடு பழகுபவர் என்பதும் காரணங்கள். நெஞ்சிறுக்கத்தைப் பற்றி யாம் மேலே குறித்த கடிதம் அப்பொழுது எழுதியதே. அதில் அவர் தமக்குச் சான்றாகக் காட்டியது நாடகங்களையன்று. முப்பதாண்டு பியெத்தாவில் இளம்பெண்களுக்கு ஆசிரியராய் இருந்தும் யாதொரு பழியும் நேராமையையே எடுத்துக்காட்டினார். வழக்கைத் தீர்க்க யாம் யார்? எனினும் அச்சான்று வலிமையற்றதன்று.

தடை நீங்கவில்லை. மறு ஆண்டில், 1738-இல், பியெத்தாவும் அவர் பதவியைப் புதுப்பிக்கவில்லை. முன்னர்க் கூறிய தெ புரோஸ் 1739-இல் அவரைக் கண்டபோது, படியெடுப்பவன் எழுதுமுன் தாம் ஒரு கொன்சேர்த்தோவை இயற்றி முடிப்பதாக அம்முதியவர் பெருமை கூறினாராம். ஆயின் அந்நகரத்தில் அவர் மதிப்புக் குன்றியிருப்பதைக் கண்டு தாம் வியந்ததாகவும் தெ புரோஸ் எழுதுகின்றார். நேப்பிள்ஸ் நகரத்துப் புதுப்பாணியே அப்பொழுது எவர்க்கும் இனித்தது.

எனினும் 1740 மார்ச்சில் சாக்சனி நாட்டு இளவரசர் பியெத்தாவுக்கு வருகை தந்தபோது, விழாவுக்கு வேண்டிய பல்லிய இசையை அமைக்க இல்லத்தார் அழைத்தது அம்முதியவரையே. அன்று இசைத்தவற்றுள் ஒன்றில் ஒரு பிடில் முன்னே பேச, மற்றொன்று தொலைவிலிருந்து எதிரொலிபோல் மறுமொழி தரும். அதன்பின் அவர் தம்மிடமிருந்த 20 கொன்சேர்த்தோக்களை இல்லத்தாருக்கு 70 டக்கட் சொச்சத்திற்கு விற்றுவிட்டு வியன்னா நகருக்குப் புறப்பட்டார். பேரரசர் ஆறாம் சார்லஸ் தம்மை ஆதரிப்பர் என்று நம்பினார் போலும். அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பேரரசர் மறைந்தார். துக்கத்தால் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1741 ஜூலைத் திங்கள் இறுதியில், சேணந் தைப்பவன் ஒருவனின் கைம்பெண்ணுக்குரிய வீட்டில் விவால்டியார் உயிர்நீத்தார். வயது 63. ஜூலை 28-ஆம் நாள் மிக எளிய முறையில், மருத்துவமனைக்குரிய இடுகாட்டில் அடக்கஞ் செய்தனர். அவ்விடுகாடு இன்று இல்லை.

அவர் இசைத்த பழைய ஆலயமும் இன்று இல்லை. இப்பொழுதுள்ள பியெத்தா ஆலயம் அவர் மறைந்தபின் 1745-இல் தொடங்கிக் கட்டப்பட்டது. ஆனால் பிடில் அன்ன மரியா அவ்வில்லத்திலேயே வாழ்ந்து, தானும் ஆசிரியையாகி, 1782-இற் காலமானாள். குருவானவர் அவளுக்கென இயற்றிய கொன்சேர்த்தோக்கள் பல உண்டு. அவள் கையாண்ட இசையேடு ஒன்று வெனிஸ் நகரில் இன்றும் உள்ளது. அவற்றுட் சிலவற்றிற்கு ஏனைக் கருவிகளின் பகுதிகள் மறைந்து, அவள் வாசித்த தனிப்பிடிற் பகுதி மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

விவால்டியாரின் சொந்தக் கையெழுத்து ஏடுகள் பலர் கைமாறி, துராட்சோ என்னும் ஜெனோவா நகரத்துப் பெருங்குடியினரிடம் சேர்ந்து, பின் பாகப்பிரிவினையில் இரண்டாயின. ஒரு பாதி சலேசிய சபையார் நடத்திய பள்ளியொன்றிற்குக் கொடையாகச் சென்றது. 1926-இல் கட்டடம் பழுதுபார்க்கப் பணம் வேண்டி, அப்பள்ளியார் பழைய நூல்களுக்கு விலை மதிப்பிடுமாறு தூரின் நகரத்துத் தேசிய நூலகத்தைக் கேட்டனர். அங்கிருந்த அறிஞர் ஜெந்திலி அவற்றைக் கண்டு திகைத்தார். நூலகத்திடம் பணமில்லை. ரொபெர்த்தோ போவா என்னும் செல்வர், குழவிப் பருவத்தில் இறந்த தம் மகன் மவுரோவின் நினைவாக அவற்றை விலைக்கு வாங்கி நூலகத்துக்கு அளித்தார். ஏடுகள் குறையுடையன என்பதறிந்து, மறு பாதியை ஜெந்திலி தேடிக் கண்டார். 1930-இல் அதனை வாங்கிக் கொடுத்த பிலிப்போ ஜியோர்தானோ என்பவரும் தம் சிறு மகன் ரென்சோவை இழந்தவரே. யூதராகிய ஜெந்திலி 1938-இன் இனவெறிச் சட்டங்களால் தம் பதவியை இழந்தார். மறு ஆண்டு சியேனா நகரில் விவால்டி வாரம் கொண்டாடப்பட்டு, ‘கிளோரியா’ மீண்டும் ஒலித்தது.

அவ்விரு பாதிகளும் சேர்ந்து இன்று 27 தொகுதிகளாய்த் தூரின் நூலகத்தில் உள்ளன. விவால்டியாரின் கையெழுத்தைக் காண விரும்பி அங்குச் செல்வோர், அவற்றை மவுரோ போவா, ரென்சோ ஜியோர்தானோ என்னும் அவ்விரு குழந்தைகளின் பெயராலேயே கேட்டு வாங்குகின்றனர்.